எதிரி ஏன் சுடவில்லை?

இன்று சாயங்காலம் போளூரிலிருந்து ஆரணிக்கு வந்த பஸ்ஸில் ஒரு விண்வெளிப் போரே நடந்தது.

முன் சீட்டில் ஜெயந்தி, கவிதா என்று இரண்டு தோழிகள். நானும் விடாமல் பார்க்கும் அந்த விண்வெளி சீரியலின் கடைசி எபிசோடைப் பிரித்து மேய்ந்துகொண்டிருந்தார்கள். ஹீரோ தரப்பு தன் காயம்பட்டவர்களைத் தூக்கிப் போகட்டும் என்று எதிரிக் கப்பல்கள் சுடாமல் காத்திருக்குமே, அந்த இடம்.

"ஜெயிச்சிகினு இருக்கறவன் எதுக்குடி நிறுத்துவான்? லாஜிக்கே இல்ல" என்றார் கவிதா.

"போருக்கும் ஒரு முறை இருக்குதுடி" என்றார் ஜெயந்தி.

"என்னா பெரிய முறை? இவங்களுக்கு கவசம் ஒடஞ்சி போச்சி, எரிபொருளும் தீந்து போச்சி. நானா இருந்தா அப்பவே அடிச்சி முடிச்சிருப்பேன்."

என்ன ஒரு தளபதி! எந்தக் கப்பல் எங்கே நின்றது என்று சொல்லிச் சொல்லி மடக்கினார். நானே கவிதா கட்சிக்கு மாறிவிட்டேன்.

அடுத்த அடிக்கு வாயெடுத்த கவிதா, ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினார்.

"ஏய், பொழுது சாயப் போவுது. மொதல்ல நீ சாப்டு. இருட்டிடுச்சின்னா, ஜெயின் வழக்கம்னு காலைல வரைக்கும் பட்டினி கெடப்பே. ஜல்தி!"

ஜெயந்தி டிபன் பாக்ஸைத் திறந்து புளிசாதத்தைச் சாப்பிட்டு முடிக்கும்வரை கவிதா காத்திருந்தார். தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து, கையில் தயாராகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

கடைசி வாய் தண்ணீரை விழுங்கிவிட்டு ஜெயந்தி கேட்டார்: "ஜெயிச்சிகினுதானே இருந்த? எதுக்குடி நிறுத்துன?"

ஆரணி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கவிதாவிடமிருந்து பதில் வரவில்லை. தெரிந்தவர்கள் கமெண்டில் வந்து அவருக்கு உதவலாம். என்னைக் கூப்பிடாதீர்கள், நான் மறுபடியும் கட்சி மாறிவிட்டேன்.