வெள்ளிக்கிழமை வரை திறந்திருந்த குளம்

நார்பெர்ட் வோய்சிக் அமெரிக்காவின் பஃபலோ நகரப் பேருந்துகளை முப்பத்தோரு வருடம் ஓட்டியவர். ஒரு நாள்கூட வண்டியைத் தாமதமாக எடுத்ததில்லை என்பதுதான் அவருடைய ஒரே பெருமை. அப்படிப்பட்டவர், அக்டோபர் கடைசி வாரமாகியும் கொல்லையிலிருந்த நீச்சல் குளத்தைக் குளிர்காலத்துக்காக மூடாமல் வைத்திருந்தார். தெருவில் மற்ற குளங்களெல்லாம் தார்ப்பாய்க்கு அடியில் போய் ஒரு மாதமாகியிருந்தது.

குளம் அவர் மனைவி ஐரீனுடையது. நார்பெர்ட்டுக்கு நீந்தவே தெரியாது. அவளோ மே மாதக் கடைசியில் இறங்கினால், உதடு நீலம் பாரிக்கும் காலம்வரை விடமாட்டாள். குளத்தை மூட அவள் இரண்டு சட்டம் வைத்திருந்தாள். மூன்று நாள் தொடர்ந்து காலையில் தண்ணீர் பாரன்ஹீட்டில் அறுபது டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருக்கும்போதே மூடினால் உள்ளே பாசி பிடித்துவிடும். வேலியோர மேப்பிள் மரம் கடைசி இலையையும் கொட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் இலையெல்லாம் தார்ப்பாய் மேல் விழுந்து ஊறிக் கனக்கும்.

போன வருடம் இரண்டையும் மீறியது நார்பெர்ட்தான். செப்டம்பர் முதல் வாரம் அது. அடுத்த திங்கட்கிழமை ஐரீனுக்கு மருத்துவமனையில் சிகிச்சை தொடங்கவிருந்தது. அந்த அலைச்சலில் இது வேறு எதற்கு என்று தார்ப்பாயை இழுத்துக்கொண்டு வந்தார்.

"வெள்ளிக்கிழமை வெயில் அடிக்குமாம். ஒரே ஒரு தடவை எறங்கிக்கிறேனே" என்றாள் ஐரீன்.

"அடுத்த வருஷம் ஆசை தீர நீந்திக்கலாம், போ."

அவள் குளத்து ஏணிக் கைப்பிடியில் காய்ந்துகொண்டிருந்த துண்டை மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மார்ச் மாதம் இறந்துபோனாள். மே மாதத்தில் அவர் தார்ப்பாயை விலக்கியபோது தண்ணீர் பட்டாணி சூப் மாதிரி கெட்டிப் பச்சையாகக் கிடந்தது. அதைத் தெளிய வைக்க மூன்று வாரம் பிடித்தது. தெளிந்த தண்ணீரில் கோடை முழுக்க யாரும் இறங்கவில்லை. இருந்தாலும் அவர் தினமும் காலையில் தண்ணீரில் மிதந்த வெப்பமானியைத் தூக்கிப் பார்த்தார்.

புதன்கிழமை பக்கத்து வீட்டு லூ வேலிக்கு வந்தார். குழாய்களில் நிற்கும் தண்ணீரை ஊதி வெளியேற்றும் காற்றுப் பம்பு அவரிடம்தான் இருந்தது. வருடாவருடம் அந்த வேலை அவருடையது.

"ஏம்ப்பா, டிவில வெள்ளிக்கிழமை ராத்திரி எல்லாம் உறையப்போகுதுங்கறான். குழாய் வெடிச்சா தரையைத்தான் தோண்டணும், தெரியும்ல?"

"தண்ணி எப்பவோ குளிர்ந்தாச்சு. மேப்பிள்தான் இன்னும் கொட்டி முடிக்கலையே."

லூ நிமிர்ந்து பார்த்தார். உச்சிக் கிளையில் ஏழெட்டு இலைகள் ஆடிக்கொண்டிருந்தன. தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார். "அதைவிட என் தலைல ஜாஸ்தி இருக்கு."

நார்பெர்ட் சிரிக்கவில்லை. தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னார்: "போன வருஷம் அவ ஒரு வெள்ளிக்கிழமை கேட்டா, லூ. நான் குடுக்கலை."

லூ வேலிக்கம்பியை விரலால் சுண்டிக்கொண்டே நின்றார். பிறகு, "வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வர்றேன். அதுக்கு மேல போனா இருட்டிடும். பகல் பூரா உன்னோடது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை வெயில் அடித்தது. நார்பெர்ட் அலமாரியிலிருந்து ஐரீனின் துண்டை எடுத்துவந்து ஏணிக் கைப்பிடியில் போட்டார். காலணியைக் கழற்றி, கால்சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு குளத்தின் விளிம்பில் உட்கார்ந்தார். தண்ணீர் எலும்பைக் கடித்தது. காலை எடுத்தார், மறுபடி விட்டார். கணுக்கால் மரத்துப்போன பிறகு வலி தெரியவில்லை. அவள் எப்போதும் திரும்பி நீந்தும் ஆழமான பக்கத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு, வெயில் வேலியைத் தாண்டும்வரை அப்படியே இருந்தார்.

நாலு மணிக்கு லூ வந்தார். பம்பின் காற்று உள்ளே பாய்ந்ததும் குழாய்கள் கனைத்தன. குளத்தில் குமிழிகள் எழுந்து அடங்கின. இருவருமாகத் தார்ப்பாயை இழுத்துக் கட்டினார்கள். மேப்பிளில் இன்னும் மூன்று இலைகள் பாக்கியிருந்தன. லூ அவற்றை நிமிர்ந்து பார்த்துவிட்டு, பம்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

அவர் போன பிறகு நார்பெர்ட் துண்டை எடுத்து, ஐரீன் மடிப்பதுபோல மூன்றாக மடித்தார். கால் துடைத்த ஓரம் மட்டும் ஈரமாக இருந்தது. அந்த ஓரத்தை உள்பக்கமாக வைத்து மடித்துக்கொண்டு வீட்டுக்குள் போனார்.