தொட்டால்தான் கோ

முழங்காலில் ஒட்டிய செம்மண் வேர்வையில் கரைந்து கணுக்கால் வரை கோடுகோடாக வழியும்; "கோ... கோ..." என்ற கூச்சல் சாப்பிடும்போதுகூடக் காதைவிட்டுப் போகாது. குரும்பலூரை அடுத்த எங்கள் ஊர்ப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் படித்த அந்த ஆடி மாதம் முழுக்க எனக்கு அப்படித்தான் கழிந்தது. பெரம்பலூரில் நடக்கும் போட்டிக்கு முதல்முறையாக எங்கள் பள்ளியிலிருந்து பெண்கள் கோ-கோ அணி போகப்போகிறது என்ற செய்தியே எங்களுக்குத் திருவிழாவாக இருந்தது.

ஆடிப் பழகாதவர்களுக்காகச் சொல்கிறேன்: எட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்திருக்க, ஒன்பதாவது ஆள் எதிரணியைத் துரத்துவாள்; நினைத்தபோது உட்கார்ந்திருக்கும் ஒருத்தியின் முதுகைத் தொட்டு "கோ" என்பாள்; உடனே தொடப்பட்டவள் எழுந்து துரத்த வேண்டும். தொடாமல் சொன்னால் "ஃபவுல்".

எங்கள் ஒன்பது பேரில் எட்டுப் பேர் ஊர்த்தெரு. சங்கீதா ஒருத்திதான் காலனி. அவளைப் போல ஓடக்கூடியவள் எங்களில் கிடையாது. ஆனாலும் அவள் முதுகுக்கு ஒரு சாண் தள்ளிக் கையை வீசிவிட்டுத்தான் "கோ" என்போம். கூடிப் பேசி முடிவு செய்ததல்ல. "அந்தப் புள்ளைங்ககிட்ட தள்ளியே நில்லு" என்று வீட்டில் கேட்டுக் கேட்டு வளர்ந்ததால், கை தானாகவே காற்றில் நின்றுவிடும். விசில் ஊதிய பி.டி. சாரும் கண்டும் காணாமல் இருந்தார்.

போட்டிக்கு ஒரு வாரம் இருக்கையில், வழக்கம்போல நான் கையை வீசி "கோ!" என்று கத்தினேன். சங்கீதா எழவில்லை. மறுபடியும் கத்தினேன். அசையவில்லை.

"ஏன் புள்ள, காது கேக்கலையா?"

அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: "கேட்டுச்சு. முதுவுலதான் ஒண்ணும் படல. தொட்டுட்டுச் சொல்லு, எந்திரிக்கிறேன்."

 எனக்கு முகம் சுட்டது; கோபமா வெட்கமா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கையை ஓங்கி அவள் முதுகில் பளாரென்று வைத்து "கோ!" என்றேன். அவள் பாய்ந்த பாய்ச்சலில், பயிற்சிக்கு எதிரணியாக ஓடிக்கொண்டிருந்த பத்தாம் வகுப்புப் பெண் நான்கே எட்டில் அவுட். எல்லோரும் ஓவென்று கத்தினோம். அப்புறம் ஒவ்வொருத்தியாக அவளைத் தொட ஆரம்பிக்க, "மெதுவாங்கடி, வலிக்குது!" என்று அவளே சிரித்துவிட்டாள். பி.டி. சார் விசிலை வாயிலிருந்து எடுத்து, "இத நான் சொல்லியிருக்கணும்" என்று முணுமுணுத்தார்.

செய்தி எனக்கு முன்பே வீட்டுக்குப் போயிருந்தது. வாசலிலேயே அம்மா மறித்தார். "அவளத் தொட்டியாமே? கொல்லையில தண்ணி வச்சிருக்கேன். தலைக்கு ஊத்திக்கிட்டு வூட்டுக்குள்ள வா."

"வேர்த்ததுக்குக் குளிக்கிறேம்மா. அவளத் தொட்டதுக்குன்னா குளிக்க மாட்டேன்."

பேசியது நான்தானா என்று எனக்கே திகைப்பு. மண் காலோடு நேராக உள்ளே போய்த் தட்டெடுத்து வைத்து உட்கார்ந்தேன். அம்மா சோறு போட்டார்; போட்டி நாள் வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

பெரம்பலூரில் முதல் ஆட்டத்தை ஒரே ஒரு புள்ளியில் ஜெயித்தோம். கடைசி அவுட், வரிசையின் முனையில் நட்டிருக்கும் கம்பத்தருகே குப்புறப் பாய்ந்து சங்கீதா எடுத்தது. அவளைத் தூக்கிச் சுற்றிய கைகளில் யார் கை எது என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. இரண்டாவது ஆட்டத்தில் தோற்றதும் எங்களை ஒன்றும் செய்யவில்லை. பஸ்ஸில் தொண்டை கட்டும்வரை பாடிக்கொண்டே ஊர் திரும்பினோம்.

"ஜெயிச்சீங்களா?" என்று கேட்டார் அம்மா.

"ஒரு ஆட்டம். சங்கீதாதான் ஜெயிக்க வச்சா."

அவர் உள்ளே போய்த் தட்டெடுத்து வைத்தார். அன்று கொல்லையில் தண்ணீர் வைத்திருக்கவில்லை.

அந்த மைதானத்தில் இன்று வகுப்பறைக் கட்டடம் நிற்கிறது; கம்பம் நட்ட இடம்கூடத் தெரியவில்லை. சங்கீதா பாடாலூரில் மருந்துக்கடை வைத்திருக்கிறாள். நான் மீன்சுருட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. "தள்ளி நில்லு" என்ற பேச்சு முன்போல வெளிப்படையாகக் காதில் விழுவதில்லை. பிள்ளைகளின் மணிக்கட்டில் சாதிக்கொரு கலர் கயிறாக அது வந்து சேர்ந்திருக்கிறது. அதனால் முதல் வகுப்பிலேயே இந்தக் கதையை, நான் செய்ததையும் மறைக்காமல், சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் மாணவி ஒருத்தியின் அப்பா வந்து, "எம் பொண்ண அந்தப் புள்ளைங்க இல்லாத டீம்ல போடுங்க டீச்சர்" என்றார். நான் வாய் திறப்பதற்குள் பின்னாலிருந்து அவர் மகளின் குரல் வந்தது.

"இருக்கறது ஒரே டீம்தாம்ப்பா. நீங்க கெளம்புங்க, எனக்கு பிராக்டிஸ் இருக்கு."

சொல்லிவிட்டு அவள் மைதானத்துக்கு ஓடினாள்.