கம்பளி பட்டினி கிடந்த கதை

நாடு சுதந்திரம் அடைந்து மூன்று நான்கு வருடம் ஆகியிருக்கும். எங்கள் பக்கமெல்லாம் அப்போது திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. குழித்துறையில் பிறந்த என்னைச் சுசீந்திரத்துக்குப் பக்கத்தில், நாலு பக்கமும் வயல் சூழ்ந்த ஒரு கிராமத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அந்த வீட்டில் நடந்ததைத்தான் சொல்லப்போகிறேன். வயதானால் கோபம் ஆறிவிடும் என்கிறார்கள். எனக்கு ஆறவில்லை.

என் கணவருக்கு மலையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கு வேலை. பதினைந்து நாளைக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவார். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை எல்லாவற்றையும் விட்டுச் சீமைக்குக் கப்பலேறியபோது, தன் நாய் போட்ட குட்டிகளில் ஒன்றை இவர் கையில் கொடுத்துவிட்டார். வேண்டாம் என்று சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. துணிப்பைக்குள் வைத்து பஸ்ஸில் கொண்டு வந்து என் மடியில் போட்டார். "இனி உன் பாடு" என்று சொல்லிவிட்டு மறுநாள் மலைக்குப் போய்விட்டார்.

அப்படி ஒரு நாயை எங்கள் ஊர் பார்த்ததில்லை. உடம்பெல்லாம் சடைமுடி. நெற்றி முடி இறங்கிக் கண்ணை மூடிக் கிடக்கும். எது முகம், எது பின்பக்கம் என்று வாலாட்டினால்தான் தெரியும். மாமியார், "கரடிக்குட்டியையாக்கும் கொண்டு வந்திருக்கான்" என்று தலையில் கை வைத்தார். கொழுந்தன்தான் கம்பளி என்று பெயர் வைத்தான். பெயர் வைத்ததோடு அவன் வேலை முடிந்தது. குளிப்பாட்டுவது, முடியில் ஒட்டிய வைக்கோலையும் முள்ளையும் உட்கார்ந்து எடுப்பது, தேங்காயெண்ணெய் தடவிச் சிக்கெடுப்பது எல்லாம் என் தலையில் விழுந்தது. வயலுக்குத் தண்ணீர் வரும் சானலில் இறக்கிக் குளிப்பாட்டிவிட்டுத் திரும்பி வருவதற்குள் வரப்புச் சேறு முழுவதையும் அப்பிக்கொள்ளும்.

ஆனால் அறிவு என்றால் அப்படி ஒரு அறிவு. கோழிக்குஞ்சைத் தொடாதே என்று இரண்டு நாள் சொன்னேன், மூன்றாம் நாள் குஞ்சுகள் அதன் முதுகில் ஏறி நின்றன. உட்கார் என்றால் உட்காரும். அடுக்களை நிலைப்படியைத் தாண்டாது. மாமியார் நெல் காயப்போட்டால் பாய்க்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு ஒரு காக்கையை அண்டவிடாது. அதற்கப்புறம் மாமியாரும் அதைக் கரடி என்று சொல்வதை நிறுத்திவிட்டார்.

எங்கள் பக்கத்தில் அப்போது தேங்காய்க் களவு அதிகம். களவுக்கு வருகிறவர்கள் கருவாட்டுத் துண்டில் விஷம் வைத்து நாய்க்கு வீசிவிட்டுத்தான் தோப்புக்குள் இறங்குவார்கள். பக்கத்து வீட்டு நாய் அப்படித்தான் வாயில் நுரை தள்ளிச் செத்தது. அதைப் பார்த்த பிறகு கம்பளிக்கு ஒரு பழக்கம் உண்டாக்கினேன். சோற்றை வைத்ததும் அது உட்கார வேண்டும். நான் குனிந்து, நெற்றி முடியை இரண்டு கையாலும் ஒதுக்கி, அதன் கண்ணைப் பார்த்து, "தின்னு மக்கா" என்று சொன்னால்தான் வாய் வைக்க வேண்டும். வீட்டில் எல்லாரும் சாப்பிட்டு, கடைசியில் நானும் சாப்பிட்டு, பாத்திரம் கழுவிய பிறகு புறவாசலில் தினமும் இது நடக்கும். மீன் தலையை முன்னால் வைத்துவிட்டு நான் மாட்டுக்கு வைக்கோல் போடப் போனாலும், எச்சில் ஒழுக ஒழுக உட்கார்ந்திருக்குமே தவிரத் தொடாது. எனக்கு அதில் ரொம்பப் பெருமை.

அப்புறம் நான் கர்ப்பமானேன். ஏழாம் மாதம் என் பிறந்த வீட்டார் அழைக்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். கன்னிப்பூ நெல் அறுப்பு முடியட்டும் என்று மாமியார் சொல்லிவிட்டார். அறுப்புக்கு வருகிறவர்களுக்குக் கஞ்சி வைக்க ஆள் வேண்டுமே! அறுப்பு முடிந்து ஒன்பதாம் மாதம்தான் என்னை விட்டார்கள். அன்றைக்கு வந்தது வினை. அம்மா கொண்டு வந்த முந்திரிக்கொத்துப் பலகாரத்தில் எண்ணெய் காறிப்போயிருந்ததாம். மாமியார் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, சபையில் எல்லாரும் பார்க்கத் துப்பினார். அம்மா ஒன்று சொல்ல, அவர் ஒன்பது சொல்ல, கடைசியில் "அவியளா வந்து மன்னிப்பு கேக்கது வரைக்கும் இந்த வீட்டு ஆளு அந்தப் படியை மிதிக்காது" என்று மாமனாரே முடிவாகச் சொல்லிவிட்டார். உப்புக்குப் பெறாத விஷயம். நான் அழுதுகொண்டே வண்டியேறினேன். கம்பளி சானல் பாலம் வரை பின்னாலேயே ஓடி வந்தது.

குழித்துறைக்குப் போன சில நாளிலேயே, சொன்ன நாளுக்கு முன்னால், எனக்கு மகன் பிறந்தான். பிள்ளை பிறந்த தாக்கல் சொல்லி அனுப்பியும் மாமியார் வீட்டிலிருந்து ஒரு ஈ காக்கை வரவில்லை. இவர் மட்டும் லீவு வாங்கி, தன் வீட்டுக்குப் போய்விட்டு, அங்கிருந்து யாரிடமும் சொல்லாமல் பிள்ளையைப் பார்க்க வந்தார். பார்த்தார், சிரித்தார், மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் வயிறாரச் சாப்பிட்டார். கை கழுவி வெற்றிலை போடும்போதுதான், ஏதோ மழை பெய்ததைச் சொல்வதுபோல, "கம்பளி ஒண்ணும் திங்க மாட்டேங்கு. தீனிக் கொழுப்புன்னு அம்மை சொல்லுகா" என்றார்.

"எத்தனை நாளா?" என்று கேட்டேன்.

"நீ வந்ததுல இருந்துதான்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. முடியை ஒதுக்கிக் கண்ணைப் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். அவர் சிரித்தார்! "நாய்க்குச் சோறு வைக்க சாஸ்திரமா? நாளைக்கு நான் வேலைக்கு ஏறணும். அடுத்த தடவை போகும்போது சொல்லுதேன்" என்றார். அடுத்த தடவை என்றால் பதினைந்து நாள். அதுவரை அது உயிரோடு இருக்குமா?

பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு இறங்கினேன். பச்சை உடம்புக்காரி படி இறங்கக் கூடாது, காற்று பட்டால் ஜன்னி வரும் என்று அம்மா கதறினாள். நான் நிற்கவில்லை. நாகர்கோவில் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு பார்க்கிறேன், இவர் குடையையும் செருப்பையும் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடி வந்து ஏறுகிறார். பஸ் குலுங்கிய குலுக்கலில் உடம்பு இரண்டாகப் பிளந்துவிடும்போல வலித்தது. கோபம்தான் என்னை உட்கார வைத்தது.

தீட்டு கழியவில்லை என்பதால் முன்வாசல் வழியாகப் போகாமல் நேரே தொழுவத்துக்குப் போனேன். அங்கே கம்பளியைக் கட்டிப் போட்டிருந்தார்கள். அவிழ்த்துவிட்டால் பாலத்தில் போய்ப் படுத்துக்கொள்கிறதாம். முன்னால் வரிசையாகச் சட்டிகள். ஒன்றில் சோறு, ஒன்றில் மீன் தலை, ஒன்றில் பால்கூட. எல்லாவற்றிலும் எறும்பு. பக்கத்தில் இருந்த மாட்டுத் தொட்டியில் கழுநீரை நக்கிக் குடித்துத்தான் உயிரை வைத்திருக்கிறது. முடி அப்படியே இருந்ததால் பார்வைக்கு ஒன்றும் தெரியவில்லை. கையை வைத்தபோது உள்ளே வெறும் எலும்பு.

சத்தம் கேட்டு மாமியார் ஓடி வந்தார். "ஏட்டி, பச்சப்பிள்ளையைத் தூக்கிட்டு வந்திருக்கியே, உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா?" என்றார்.

நான் பிள்ளையை அவர் கையில் கொடுத்தேன். குனிந்து கம்பளியின் நெற்றி முடியை ஒதுக்கினேன். பீளை கட்டி இரண்டு கண்ணும் ஒட்டிப் போயிருந்தன. முந்தானையை நனைத்துத் துடைத்தேன். அது என்னைப் பார்த்தது. கொழுந்தன் கொண்டு வந்த கஞ்சியை முன்னால் வைத்து, "தின்னு மக்கா" என்றேன். எழுந்திருக்கத் தெம்பில்லாமல் படுத்தபடியே நக்கி நக்கிக் குடித்தது.

"நான் வாயைப் பிளந்துகூட ஊட்டிப் பாத்தேன் மைனி" என்று கொழுந்தன் அழுதுவிட்டான்.

மாமியாருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "இம்புட்டுதானா? இதை முதல்லயே சொல்லிட்டுப் போயிருக்கலாம்லா?"

அவ்வளவுதான். அந்த வீட்டில் அதுவரை நான் குரல் உயர்த்தியதே இல்லை. "சொல்லணுமா? ஒரு வருசத்துக்கு மேல தினமும் இந்தப் புறவாசல்ல வச்சுத்தான் சோறு போட்டேன். ஒருத்தராவது ஒரு நாளாவது பாத்தியளா? ஆளனுப்பிக் கேக்கதுக்கு என்ன? காறின முந்திரிக்கொத்துக்கு ஒரு உயிரையா பலி போடுவியளோ?" என்று கத்தினேன். மாமனார் முற்றத்தில் செருமினார்.

பொழுது சாய்ந்தது. என்னைத் தொழுவத்தை ஒட்டிய சாய்ப்பில் பாய் போட்டு உட்கார வைத்தார்கள். உள்ளே ஆண்கள் சாப்பிட உட்கார்ந்தார்கள். இலையில் சோறு விழுகிற சத்தமும் குழம்பு வாசனையும் வந்தன. பிள்ளை பாலுக்கு அழுதது, எனக்குச் சுரக்கவில்லை. மத்தியானம் அம்மா வீட்டிலும் நான் சாப்பிட்டிருக்கவில்லை. ஆனாலும் நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் சாப்பிட்டு எழுந்திருக்கட்டும், யாராவது நினைத்துக்கொண்டு கொண்டு வருவார்கள் என்று, கல்யாணம் ஆன நாளிலிருந்து உட்கார்ந்த மாதிரியே உட்கார்ந்திருந்தேன்.

அப்போது கம்பளி தலையைத் தூக்கி என் பக்கம் திரும்பியது. நான் உட்கார்ந்திருந்த விதம் எனக்கே அப்போதுதான் உறைத்தது. சோற்றுக்கு முன்னால் அதை நான் எப்படி உட்கார வைத்தேனோ, அதே மாதிரி. என்னை இப்படிப் பழக்கியது யார்? யார் வந்து என் முகத்தைப் பார்த்துத் "தின்னு" என்று சொல்ல வேண்டும்? தோட்டத்தில் கணக்குப் பார்க்கிறவரா?

"மாமி! எனக்குப் பசிக்கு. சோறு கொண்டாருங்க!" என்று தெரு வரை கேட்கிற மாதிரிக் கூப்பிட்டேன்.

மாமனார், "இதென்ன பழக்கம்?" என்றார். மாமியார் என்ன நினைத்தாரோ, "பெத்த வயிறு தின்னட்டும், உங்களுக்கு என்ன?" என்று அவரிடமே எரிந்து விழுந்தார். ஒரு சட்டி நிறையச் சோறும் மீனும் கொண்டு வந்து என் முன்னால் டக்கென்று வைத்தார். போகாமல் வாசலிலேயே நின்றார். அவரும் அதுவரை சாப்பிட்டிருக்கவில்லை என்பது அவர் நின்ற விதத்தில்தான் எனக்குத் தெரிந்தது. அவர் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எத்தனை வருடம் இப்படிக் காத்து நின்றிருப்பார்!

கம்பளி பிழைத்துக்கொண்டது. என் மகனைத் தன் முதுகைப் பிடிக்கவிட்டு நடை பழக்கியது. முடியை ஒதுக்கிக் கண்ணைப் பார்த்துச் சோறு போட அந்த வீட்டில் எல்லாரும் படித்துக்கொண்டார்கள், மாமனார் உட்பட. இன்றைக்கும் எந்த வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும், பரிமாறுகிற பெண்ணின் முகத்தை நிமிர்ந்து பார்த்து "நீ சாப்பிட்டியா?" என்று கேட்காமல் நான் இலையில் கை வைப்பதில்லை, அன்பாகக் கேட்பதாக அவர்கள் நினைக்கிறார்கள், நான் கோபத்தில்தான் கேட்கிறேன்.