கழுவிக்கொண்டு போன காளான்

மனைவியின் முப்பத்தோராம் நாள் படையலில் காளான் கறி வைக்க வேண்டும் என்று நான்தான் சொன்னேன். கடைக் காளான் அல்ல. வசந்தத்தில் காட்டில் முளைக்கிற, தேன்கூடு போலக் குழி விழுந்த ஸ்புஞோலா. அவள் வேலை பார்த்த இத்தாலிய வீட்டு எசமானி, சின்யோரா, பழக்கிவிட்ட ருசி அது. ஒவ்வொரு வசந்தத்திலும் பலேர்மோவுக்குத் தெற்கே உள்ள மலைக்காட்டுக்குப் போவோம். அவள் பறிப்பாள், நான் கூடையைப் பிடித்துக்கொண்டு எண்ணுவேன்.

இம்முறை துறைமுகத்தில் வேலை செய்யும் அவளுடைய தம்பி தன் வான் வண்டியில் கூட்டிப்போனான்.

“அத்தான், எண்ணுறதை விட்டிட்டு ஒருக்காக் குனிஞ்சு பாருங்கோ. அது தானா வந்து கூடைக்குள்ளை ஏறாது.”

“முழங்கால் மடங்குதில்லையடா.”

“அக்கா இருந்தா இப்ப ரெண்டு பேச்சு விழுந்திருக்கும்.”

விழுந்திருக்கும். சருகுக்குள் இருந்து இருபத்தேழு எடுத்தோம். வீட்டில் எண்ணினால் இருபத்தாறு. மூன்று தரம் எண்ணினேன். சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. ஒன்று குறைந்தது மட்டும் உறுத்தியது.

மகள் ஒரு நிபந்தனை போட்டாள். இதே சாயலில் நஞ்சுக் காளான் ஒன்று உண்டு. படைத்த சோற்றைப் பேரப்பிள்ளைகளும் சாப்பிடுவார்கள். காட்டில் பறித்ததைப் பரிசோதிக்கிற சுகாதார அலுவலகத்தில் காட்டாமல் இது அடுப்பில் ஏறாது என்றாள். எனக்கும் பயம்தான்.

ஆனால் படையலுக்கு உரியதை மண்ணோடு நாலு பேர் முன்னால் கொண்டுபோக மனம் வரவில்லை. மறுநாள் காலை குளித்து, மஞ்சள் தண்ணீரில் அலசி, அடியை நறுக்கி எறிந்து, கறிக்கு வெட்டுவதுபோலச் சிறிதாக வெட்டிப் புதுப் பெட்டியில் போட்டேன். படையலுக்கு முன்பு மனைவி அப்படித்தான் ஆயத்தம் செய்வாள்.

அலுவலகத்துப் பெண் மூடியைத் திறந்து சற்று நேரம் பார்த்தாள். தண்டும் தலையும் சேருகிற இடத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும், இதில் எது எதனுடையது என்று கேட்டாள். படையலுக்கென்று கழுவி வெட்டினேன் என்றேன். அவள் கோபிக்கவில்லை. இனம் தெரியாததைத் திருப்பித் தர முடியாது என்று எல்லாவற்றையும் அங்கிருந்த குப்பைத் தொட்டியில் கொட்டி, பெட்டியைத் துடைத்துத் தந்தாள். எத்தனை துண்டு என்று நான் எண்ணியிருக்கவில்லை.

“கழுவி வெட்டியோ கொண்டுபோனனீங்கள்?” என்றாள் மகள்.

“ஓம்.”

“அப்பா, அலுவலகத்திலை அவை என்ன கறி வைக்கவோ கேட்டவை?” சிரிக்கத் தொடங்கியவள் பாதியில் நிறுத்தினாள்.

படையலன்று கடைக் காளானைத்தான் சமைத்தாள். இலை போடும் நேரத்தில் மனைவியின் தம்பி வந்து உள்ளங்கையை விரித்தான். “வான் சீற்றுக்குக் கீழை கிடந்தது, அத்தான்.”

ஓரம் காய்ந்திருந்தது. ஆனால் முழுசு. இருபத்தேழாவது. நான் அதை இலையில் வைக்கப் போனேன்.

“பச்சையாய் அது நஞ்சு, அப்பா. இலையிலை வையாதேங்கோ, பிள்ளையள் எடுத்திடுவாங்கள்.”

“அம்மாவை இனி அது என்ன செய்யும்.”

மகள் போய் ஒரு சின்னத் தட்டு எடுத்து வந்து, இலைக்கு எட்டத் தள்ளி, மனைவியின் படத்தின் பக்கத்தில் வைத்தாள். அதில் வைத்தேன். கற்பூரம் எரிந்து முடிந்தது.

எல்லோரோடும் இருந்து சாப்பிட்டேன். காளான் கறியில் உப்புச் சரியாக இருந்தது. இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டேன்.

பின்னேரம் பாத்திரம் ஒதுக்கும்போது மகள் அந்தத் தட்டைத் தூக்கிக் காட்டினாள். “இதை எறியவோ, அப்பா?”

“ஓம்,” என்றேன்.