கடைசிப் பெஞ்சின் இரு முனைகள்

ஜூலை மாதம் மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததிலிருந்தே மழை கொட்டியதால் எங்கள் ஆலயத்தின் சன்னல்கள் அனைத்தும் சாத்தப்பட்டிருந்தன. 'மைக் அண்ணன்' என்று சபையார் அழைக்கும் ஒலிபெருக்கிக்காரருக்கு வந்த சோதனை அந்தச் சன்னல்களால் வந்தது.

ஆலயத்தில் இரண்டு ஆம்ப்ளிஃபயர்கள் உண்டு. ஒன்று உட்புற ஒலிபெருக்கிகளுக்கு. மற்றொன்று கூரைமேல் தெருவைப் பார்த்திருக்கும் ஹார்ன் என்ற குழாய் ஒலிபெருக்கிக்கு. ஆராதனை முடிந்ததும் அவர் முதலாவதை அணைத்தார். கூரை ஒழுகிய இடத்தில் வாளி வைக்க ஓடியதில் இரண்டாவதை மறந்தார். உள்ளே ஒலி நின்றுவிட்டமையாலும், சாத்திய சன்னல்களால் ஹார்னின் ஒலி உள்ளே கேட்காமையாலும் எல்லாம் அணைந்ததென்றே எண்ணினார்.

உடனே சபைக் கூட்டம் தொடங்கிற்று. பழைய பெஞ்சுகளே போதுமா, நாற்காலிகள் வாங்குவதா என்பது விவாதம். பெஞ்சுக் கட்சிக்குச் சபைச் செயலர் தலைவர். இரு தரப்பாரும் ஒருவரையொருவர் வாங்கு வாங்கென்று வாங்கியதை, மழைக்குக் கடையோரம் ஒதுங்கி நின்ற தெரு முழுவதும் கேட்டது.

வெளியே வந்த செயலரை அவருடைய மனைவியின் தம்பி பிடித்துக்கொண்டான்.

"இன்னைக்குப் பிரசங்கம் பிரமாதம், மாமா! 'உன் முதுகுக்கு நாற்காலி ஒரு கேடா'ன்னாரே, அது எந்த அதிகாரம், எந்த வசனம்?"

நாற்காலிக் கட்சி சொல்லித்தான் மைக் அண்ணன் ஹார்னைப் போட்டார் என்றார் செயலர். பெஞ்சுக் கட்சியின் வேலை என்றனர் மற்றவர். இனி அவர் மைக்கைத் தொடக் கூடாது என்பதில் மட்டும் இரு கட்சிகளும் ஒற்றுமையாயின.

அடுத்த ஞாயிறு மைக் அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு, செருப்பை மாட்டாமல் உட்கார்ந்திருந்தார்.

"மூஞ்சியைத் திருப்பிக்கிறவங்க நடுவுல போய் உட்காரணுமா? வேற சபையே இல்லையா?" என்றார் மனைவி.

"அங்கதான் ஞானஸ்நானம் எடுத்தேன். அங்கதான் உன்னைக் கட்டிக்கிட்டேன்."

"அதுக்கு இன்னுமா தண்டனை அனுபவிக்கணும்?"

இருவரும் சிரித்துவிட்டனர். அவர் செருப்பை மாட்டினார்.

கடைசிப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்தார். அவர் வணக்கம் சொன்னால், பதில் சொல்லவேண்டியவர்கள் அவசரமாக வேதாகமத்தைப் புரட்டினர். சில ஞாயிறுகளில் வாயில்வரை வந்து திரும்பி, பாட்டு தொடங்கியதும் மறுபடி வருவார். "ஆண்டவரே, இன்னைக்கு யாராவது என்கிட்ட பேசட்டும், இல்லைன்னா நீராவது பேசும்" என்பதே அவருடைய ஜெபம் என்று மனைவி என்னிடம் சொன்னதுண்டு.

சில மாதங்களில் நாற்காலிக் கட்சி வென்றது. பெஞ்சுகள் வெளியேறின, எவரும் எடுத்துக்கொள்ள விரும்பாத அந்தக் கடைசிப் பெஞ்சு மட்டும் எஞ்சியது. செத்தாலும் நாற்காலியில் உட்காரேன் என்று சூளுரைத்திருந்த செயலருக்கு வேறு வழியில்லை. ஒரு முனையில் மைக் அண்ணன்; மறு முனையில் அவர்.

அந்தப் பெஞ்சின் கால்கள் நடுப்பகுதியில் நெருங்கியிருந்தன. முதல் பாட்டுக்கு மைக் அண்ணன் சட்டென்று எழ, மறுமுனை தாழ்ந்து, செயலர் பாட்டுப் புத்தகத்துடன் தரையில் அமர்ந்தார். மைக் அண்ணன் பாய்ந்து தூக்கினார்.

"வேணும்னே கவுத்தியா?"

"ஐயோ, இல்லைங்க ஐயா! பாட்டுக்குத்தான் எந்திரிச்சேன்."

"இனிமே சொல்லிட்டு எந்திரி!"

அத்தனை மாதங்களில் சபையார் ஒருவர் அவரிடம் பேசிய முதல் பேச்சு அதுவே. அன்றுமுதல் ஒவ்வொரு பாட்டுக்கும் "எந்திரிக்கலாமா, ஐயா?" என்று இவர் கேட்பதும், "ம்" என்று அவர் உறுமுவதும் வழக்கமாயிற்று. பிறகு விழாமலிருக்க இருவரும் நடுவுக்கு நகர்ந்தனர். செயலர் கண்ணாடியை மறந்துவந்த ஒரு நாள், இவர் ஒவ்வோர் அடியாக முன்கூட்டிச் சொல்ல, அவர் பாடினார்.

அன்று ஆராதனை முடிந்தும் செயலர் எழவில்லை.

"நீ வேணும்னு போடலைன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்ப்பா. தெருவே சிரிச்சிடுச்சே, அந்தக் கோவத்தை உன் தலையில கட்டிட்டேன். தப்பு என்னோடது. அடுத்த வாரத்துல இருந்து மைக்கை நீயே பாரு." பிறகு கேட்டார்: "எங்க ரெண்டு கட்சியும் உன்னை அவ்வளவு ஒதுக்கியும் எப்படிப்பா வந்துக்கிட்டே இருந்தே?"

"கோவத்தோடதான் வந்தேன், ஐயா. ஆண்டவரோட எனக்குச் சண்டை இல்லையே."