இரைச்சல் நின்ற பிறகு

கேட்டால் காறித் துப்புவீர்கள். போர்க்காலம். என் பாட்டுப்பெட்டியின் இரைச்சல் தீர, வீட்டுக்கு வரும் மின்சாரக் கரண்டைச் சுத்தப்படுத்தும் ஃபில்டர் ஒன்றை மலிவான சாமான்களில் செய்து தந்தார், தெல்தெனிய கந்தோரில் என்னோடு வேலைசெய்த யாழ்ப்பாணத்துக்காரர். வீட்டில் பொருத்திப் பூட்டித்தர அவரும் கண்டி பஸ் ஏறினார். ஃபில்டர் பெட்டி அவர் மடியில்.

செக்பொயின்டில் ஆமிக்காரர் திறந்தார். உள்ளே கம்பிச்சுருளும் வயரும். “இது யாருடையது?” என்று சிங்களத்தில் கேட்டார்.

யாழ்ப்பாணத்துக்காரருக்குச் சிங்களம் வராது. “தம்பி, பாட்டுக்கெண்டு சொல்லுங்கோ,” என்றார் என்னிடம்.

எனக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பெட்டியோடு அவரை இறக்கினார்கள். பஸ் புறப்பட்டது.

மூன்றாம் நாள் பெட்டியையும் கொடுத்து விட்டார்கள். மழிக்காத முகத்தோடு நேரே என் வீட்டுக்கு வந்து, ஃபில்டரைப் பூட்டினார். இரைச்சல் நின்றது.

“இப்ப சரியோ?”

“ஆமாங்க,” என்றேன். அதற்குமேல் எனக்கு எந்த மொழியும் வரவில்லை.