பால் விடாத தேநீர்

அறுபத்து நான்கில் பர்மாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கியபோது உமாபதியிடம் இருந்தவை இரண்டே: தாயில்லாத மகள் ஏலவார்குழலி, ஒரு தகர டப்பா. ரங்கூனில் பிறந்து, அங்கே ஒரு சீனரின் தேநீர்க் கடையில் வளர்ந்தவர். டப்பாவில் இருந்தது, பிரியும்போது முதலாளி கொடுத்த ஊலாங் என்ற உயர்மலைத் தேயிலை. பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்து, பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார்.

நல்ல நாளில்தான் டப்பா திறக்கும். இலைகள் மிளகு மாதிரி சுருண்டிருக்கும். அவற்றின்மேல் வெந்நீரை ஊற்றி, அந்த முதல் தண்ணீரைச் சட்டென்று கொட்டிவிடுவார். எனக்கு வயிறு எரியும். மறுபடி ஊற்றி மூடி, கொஞ்ச நேரத்தில் வடித்தால் இளம்பொன் நிறத்தில் இறங்கும். பாலும் கிடையாது, சர்க்கரையும் கிடையாது. முதலில் லேசாகத் துவர்க்கும். விழுங்கியதும், நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்த மாதிரி தொண்டை இனிக்கும். அதே இலையில் திரும்பத் திரும்ப ஊற்றுவார். மூன்றாவது தண்ணீர்தான் உசத்தி என்பார்.

ஏலவார்குழலியைப் பெண் பார்க்க முசரவாக்கத்திலிருந்து உமாபதியின் தூரத்துச் சொந்தம் கோதண்டபாணியும் அவர் மனைவி மணியம்மாளும் வந்தார்கள். நல்ல இடம். நிலபுலன் உண்டு, பையன் தங்கமானவன். இது கூடிவர வேண்டுமென்று உமாபதி காமாட்சியம்மனிடம் நடையாய் நடந்தார். அன்று காலையிலேயே டப்பாவை இறக்கி வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் கேட்டேன்.

"அண்ணே, பால் வாங்கியாரட்டுமா?"

"பால் விட்டா இந்த வாசன செத்துப்பூடும் ஜெயம்மா. ரங்கூன்ல பெரிய மனுஷங்க வந்தாத்தான் இத எடுப்பாங்க."

"இங்க அப்படியில்லண்ணே" என்றேன். காதில் வாங்கினால்தானே! அவருக்கு உயர்ந்தது ஊருக்கெல்லாம் உயர்ந்தது என்று நினைத்தார், பாவி மனுஷன்.

தட்டுடன் பெண் வந்தாள். மணியம்மாள் டம்ளரை எட்டிப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

"பால் இல்லாம குடுக்கிறீங்களே, இங்க என்னா எழவா வுழுந்திருக்குது?"

எங்கள் பக்கம் சாவு வீட்டில்தான் பால் விடாமல் கொடுப்பது. உமாபதி பதறிப்போய் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். உமாபதி வாசலில் நின்று கைகூப்பினார். கோதண்டபாணி மட்டும் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

அன்றோடு டப்பா பரணுக்குப் போயிற்று. மறுவருஷம் வாலாஜாபாத் அரிசி ஆலையில் வேலை பார்த்த இளங்கோவன் வீட்டார் வந்தபோது, உமாபதி விடியற்காலையிலேயே பாலுக்குச் சொம்போடு நின்றார். கல்யாணம் நடந்தது, அவளும் நன்றாகவே வாழ்கிறாள். ஆனால் அதன்பிறகு அவர் அந்தத் தேயிலையைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. எனக்கு அது இன்றும் ஆறவில்லை.

எழுபத்து மூன்று மார்கழியில் உமாபதி தூக்கத்திலேயே போய்விட்டார். சாவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாதென்று, வந்தவர்களுக்காக என் வீட்டில் கடுங்காப்பி போட்டுக்கொண்டிருந்தேன். ஏலவார்குழலி அழுத கண்ணோடு உள்ளே வந்தாள். கையில் அந்த டப்பா.

"காப்பி வேணாம் அத்த. இதத்தான் குடுக்கப் போறேன். இன்னிக்கு யாரும் தப்புன்னு சொல்ல மாட்டாங்க இல்ல?"

காப்பிப் பாத்திரத்தை இறக்கிவிட்டு வெந்நீர் வைத்தேன். முதல் தண்ணீரைக் கொட்டினாள். இத்தனை வருஷம் மூடிக்கிடந்தும் வாசனை அடுப்படி முழுக்க எழுந்தது.

சொந்தம் விட்டுப்போகுமா, மணியம்மாளும் வந்திருந்தாள். துக்க வீட்டில் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லக் கூடாது. வாங்கிக் குடித்தாள். குடித்துவிட்டு வெறும் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு இதையா குடுத்தாரு?" என்றாள் மெதுவாக. "இன்னும் கொஞ்சம் இருக்குதாம்மா?"

ஏலவார்குழலி என் அடுப்படிக்குப் போய் அதே இலையில் மறுபடி வெந்நீர் ஊற்றி எடுத்துவந்தாள்.

"இது மூணாவது தண்ணி" என்றாள். "அப்பா உங்களுக்குன்னு வச்சிருந்தது."